நீல மணிகள்

அருங்காட்சியகத்தில் எல்லோரும் சிலையைப் பார்ப்பார்கள். என் கண் போவது கண்ணாடிப் பெட்டியின் மூலையில் இருக்கும் சின்னக் கிண்ணத்தின் மேல். உள்ளே சிலிக்கா ஜெல் மணிகள். காய்ந்திருந்தால் நல்ல நீலம். காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் வெளிர் ரோஜா நிறம். நிதி சுருங்கிய வருஷத்தில் புதிதாக யார் வாங்குவது? தட்டில் பரப்பிப் பக்குவமாகச் சூடேற்றினால் ஈரம் போய் மறுபடி நீலம் திரும்பிவிடுகிறது. ஆறியபின் கிண்ணத்தில் கொட்டும்போது எழும் கலகல ஓசை கேட்க அத்தனை சுகம். ஐப்பசி அடைமழையில் இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது.

தூசு எடுப்பது இன்னும் நுணுக்கம். ஈரத்துணி ஆகாது. ஒரு கையில் மென்மயிர்த் தூரிகை, மறு கையில் முனையில் மஸ்லின் துணி கட்டிய தூசு உறிஞ்சிக் குழாய்; சிலையிலிருந்து பொடிச்சில்லு ஏதும் உதிர்ந்தாலும் துணியில் தங்கிவிடும், தொலையாது. வெண்கலத்தைத் தொடக் கையுறை வேண்டும், வியர்வை உப்பு உலோகத்தை அரிக்குமே! அரிப்பு இருக்கிறதா என்று ஊழியர்கள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மடிப்பு மடிப்பாகத் தேடுகிறார்கள். பழைய களிம்புக்குப் பயமில்லை, வெளிர்பச்சைப் பொடி பூத்தால்தான் ஆபத்து. ஓலைச்சுவடிக்கு ஏடு ஏடாக எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுகிற நாளில் கூடமே மணக்கிறது. ஆள் வராத அறையில் விளக்கை அணைப்பதை நாம் கஞ்சத்தனம் என்போம். மின்கட்டணம் மிச்சம்தான், ஆனால் பழம்பட்டின் சாயமும் அதனால்தான் வெளுக்காமல் நிற்கிறது.