கோல் நித்ரே: பொருத்தனையும் மனந்திரும்புதலும்

யூதர்கள் பாவநிவிர்த்தி நாள் தொடங்கும் மாலையில், சூரியன் அஸ்தமிக்குமுன், தோராச் சுருள்களை வெளியே எடுத்து மும்முறை ஓதும் வாசகம் 'கோல் நித்ரே'. 'எல்லாப் பொருத்தனைகளும்' என்பது இதன் பொருள். உள்ளத்தை உருக்கும் இசையோடு பாடப்படினும், சொற்களை ஆராயுமிடத்து இது மன்றாட்டன்று. பொருத்தனைகளும் ஆணைகளும் செல்லாதனவாகுக என்று அரமேய மொழியில் அறிவிக்கும் சட்ட வாசகமே.

யூதரின் வாக்கு நம்பத்தகாதது என்பதற்கு இதனையே சான்றாகக் கிறிஸ்தவர் காட்டினர். 1240ஆம் ஆண்டுப் பாரிஸ் விவாதத்திலும் இக்குற்றச்சாட்டு எழுந்தது. அது அநீதியானது. தேவனுக்கும் தனக்கும் இடையிலான பொருத்தனைகளை மட்டுமே இவ்வாசகம் தொடுகிறது. அயலானுக்குச் செய்த தீங்கோ, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்நாளாலும் நிவிர்த்தியாகாது என்பது மிஷ்னாவின் போதனை.

எனினும் இவ்வாசகம் குறையற்றதென்று நாம் கூறோம். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அம்ராம் காவோன் இவ்வழக்கத்தைக் கண்டித்தார். 1844இல் பிரன்சுவிக்கில் கூடிய சீர்திருத்த ரபீக்கள் இதனை நீக்கத் தீர்மானித்தனர். கடந்த ஆண்டின் பொருத்தனைகளைக் குறித்த வாசகத்தை, வரும் ஆண்டுக்குரியதாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ரபேனு தாம் ஆதரித்து நிலைநிறுத்தினார். சட்ட நோக்கில் இது பொருந்தலாம். ஆயினும் மனந்திரும்புதலுக்குப் பழைய வடிவமே ஏற்றது. தவறியதை அறிக்கையிடுவது வேறு. தவறப்போவதற்கு முன்னரே விலக்குப் பெறுவது வேறு.

பெருங்களத்தூர், தாம்பரம் பகுதிகளில் ஊழியம் செய்கையில், நோயுற்ற வேளையில் செய்த பொருத்தனையைச் செலுத்த இயலாமல், வெட்கத்தால் நற்கருணைக்கு வராதிருந்தோரை நாம் கண்டதுண்டு. எப்படியாவது செலுத்திவிடுங்கள் என்றே அவர்களுக்குக் கூறினோம். கடன் கொடுத்தவனும் அதையே கூறுவான் என்பதை அன்று உணர்ந்தோமில்லை.

ஆண்டிறுதி இரவு ஆராதனையில் புதிய தீர்மானங்களைச் செய்யும்படி சபையாரை ஏவுகிறோம். நிறைவேறாத பழையவற்றை அறிக்கையிட இடந்தருவது அரிது. பொருத்தனை செய்து செலுத்தாதிருப்பதிலும் செய்யாதிருப்பதே நலம் என்னும் பிரசங்கியின் எச்சரிப்பை (5:5) முன்னரே போதிப்பதும், தவறியவரைக் கிருபையின் பந்திக்கு அழைப்பதும் ஆயரின் கடமைகளே. ஆம் என்றால் ஆம் என்றிருக்கக் கற்பித்த ஆண்டவர் (மத். 5:37), அதில் மும்முறை தவறிய பேதுருவைத் தள்ளிவிடவில்லை.