ஒற்றனும் கட்டியக்காரனும்

இங்கிலாந்தின் வட பகுதியில், யார்க்ஷயர் வட்டாரத்து ரிச்மண்ட் என்னும் சிற்றூரில், 1995ஆம் ஆண்டு ஒரு நாடகம் அரங்கேறியது. நோபி டிமன், சைமன் கோர்பிள் என்னும் இருவர் ஆக்கிய அந்நாடகத்தில் நடித்தோர் நால்வரே. அரங்கேறிய பின் அது பெருநகரங்களை நாடவில்லை. வட இங்கிலாந்தின் கிராமப் பொதுமன்றங்களில் ஊர் ஊராக ஆடப்பட்டது. 'முப்பத்தொன்பது படிகள்' என்பது அதன் பெயர். பத்தாண்டுகள் கழித்து, 2005இல், பாட்ரிக் பார்லோ என்பார் அதனைத் திருத்தி எழுத, வெஸ்ட் யார்க்ஷயர் பிளேஹவுஸ் மேடையேற்றியது. மறு ஆண்டு இலண்டனை அடைந்த நாடகம், கிரைட்டீரியன் அரங்கில் 2015 செப்டம்பர் வரை ஒன்பதாண்டுகள் ஓடியது. 2007இல் சிறந்த புதிய நகைச்சுவை நாடகத்துக்குரிய ஒலிவியர் விருதையும் பெற்றது.

இந்நாடகத்தைக் குறித்துக் கொல்லிமலைச் சோளக்காட்டில் இருந்துகொண்டு நாம் சில எண்ணங்களைச் சொல்ல விழைகிறோம். மலையூருக்கும் இதற்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு உண்டு, சற்றுப் பொறுத்துச் சொல்லுவோம்.

கதை பழையது. ஜான் பக்கன் 1915இல் வெளியிட்ட புதினத்தை 1935இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் திரைப்படமாக்கினார். நாடகம் பெரிதும் படத்தையே பின்பற்றுகிறது. ஹானே என்னும் இளைஞன், பொழுது போகாமல் இலண்டனில் ஒரு கேளிக்கை அரங்குக்குச் செல்கிறான். அங்கே 'நினைவாற்றல் மன்னர்' ஒருவர் எந்த வினாவுக்கும் விடை கூறி வியப்பூட்டுகிறார். துப்பாக்கி வெடிக்கிறது, கூட்டம் கலைகிறது, அறியாத ஒரு பெண் ஹானேயின் இல்லத்தில் அடைக்கலம் கேட்கிறாள். நாட்டின் இரகசியம் ஒன்றைக் கடத்தப் பகைவர் முயல்வதாகச் சொன்ன அவள், விடியுமுன் குத்துண்டு இறக்கிறாள். கொலைப் பழி ஹானேயின் மேல் விழுகிறது. காவலர் ஒருபுறம், ஒற்றர் ஒருபுறம் துரத்த, அவன் இரயிலேறி ஸ்காட்லாந்து மலைநாட்டுக்கு ஓடுகிறான். இடையில் தன்னை வெறுக்கும் மங்கை ஒருத்தியோடு ஒரே கைவிலங்கில் பூட்டப்படுகிறான்.

இத்தனையையும் நால்வர் எங்ஙனம் நடிப்பது? ஒருவர் ஹானே. ஒரு நடிகை மூன்று பெண்களாக வருகிறார். எஞ்சிய பாத்திரங்கள் அனைத்தும், காவலர், கொலைஞர், இரயில் பயணி, விடுதிக்காரர், விடுதிக்காரரின் மனைவி உட்பட, இரு கோமாளிகளின் பொறுப்பு. தொப்பியை மாற்றினால் ஆள் மாறுகிறார். பெட்டிகளை அடுக்கினால் இரயில். அதன்மேல் நின்று தம் மேலங்கியைத் தாமே படபடவென அசைத்துக்கொண்டால் காற்று. ஒரு வெறுஞ்சட்டத்தைத் தூக்கிப் பிடித்தால் சன்னல். அதனுள் நுழைந்து வெளிவந்தால் தப்பியோட்டம். ஒரே நடிகர் ஒரே காட்சியில் இருவராகத் தம்மோடு தாமே உரையாட நேரும்போது, அவையோர் சிரிப்பது கதையை நோக்கி மட்டுமன்று. அந்நடிகரின் திண்டாட்டத்தை நோக்கியுமாம்.

இது நமக்குப் புதிதன்று. தெருக்கூத்தில் இருவர் திரை பிடிக்க, வேடதாரி அதன் பின்னின்று வெளிப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். கட்டியக்காரன் வாயிற்காவலனாவான், தூதனாவான். மன்னனை வாழ்த்திய வாயாலேயே எள்ளி நகையாடுவான். யார்க்ஷயர்க் கோமாளிகள் இருவரும் அவனுடைய தூரத்து உறவினர் எனலாம். நாடகம் நம் சமூகத்துக்கும் அயலானதன்று. அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் என்று நம் முன்னோர் பாடி வைத்தவை உண்டு.

இனிச் சோளக்காட்டுக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மிளகும் பலாவும் அன்னாசியும் விளையும் இம்மலைக்கு ஏறிவர வேண்டும். மலையடிவாரத்தை அடுத்த இராசிபுரத்தைத் தம் பெயரின் முதலெழுத்தாகச் சுமந்தவர் ஆர். எஸ். மனோகர். 1954இல் நேஷனல் தியேட்டர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கி, 'இலங்கேஸ்வரன்', 'சாணக்ய சபதம்' போன்ற நாடகங்களைத் தந்திரக் காட்சிகளோடும் பெருஞ்செலவு அரங்க அமைப்போடும் நடத்தித் தமிழ்நாட்டையே வியக்கவைத்தவர் அவர். அந்தக் கலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அத்தகைய நாடகம் இந்த எழுபது வளைவுகளை ஏறாது. நான்கு பெட்டிகள், ஓர் ஏணி, சில தொப்பிகள், நால்வர் ஏறுவர். பள்ளிக்கூட மேடை போதும். ரிச்மண்டின் இருவர் கண்டுபிடித்தது இதைத்தான்: பொருள் இல்லாத குறையை மறைக்காமல் மேடையில் காட்டிவிட்டால், அதுவே நகைச்சுவையாகிறது. ஒற்றன் தன் வேடத்தை மறைத்துப் பிழைப்பவன். இந்நடிகரோ வேடம் மாற்றுவதை நம் கண்முன்னேயே செய்கிறார். ஒற்றர் கதையை இவ்வாறு வேடத்தைத் திறந்துகாட்டி நடத்துவதில்தான் இந்நாடகத்தின் முழுச் சுவையும் அடங்கியிருக்கிறது.

தமிழிலும் ஒற்றரைப் பற்றிய நகை உண்டு. திருக்குறள் 'ஒற்றாடல்' என 59ஆம் அதிகாரத்தை வகுத்து, ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆளவேண்டும் என்னும் நுணுக்கம்வரை பேசுகிறது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் வடநாட்டுப் படையெடுப்பை மன்னர்க்கெல்லாம் ஓலை எழுதி அறிவிக்க வேண்டுமோ என்ற பேச்சு எழுந்தபோது, வேண்டாம், அவர்களுடைய ஒற்றர்கள் நம் வஞ்சி வாயிலைவிட்டு நீங்குவதில்லை, ஊரில் பறையறைந்தால் போதும் என்கிறான் அழும்பில்வேள். பார்லோ இதைக் கண்டிருந்தால் விட்டிருக்கமாட்டார். நம் கொல்லிமலைக்கும் ஒரு மாறுவேடக் கதை உண்டு. புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் வேட்டுவன், பாணர் கூட்டத்துக்குத் தன் பெயரைச் சொல்லாமல் விருந்தளிக்கிறான். அவர்கள் பாட்டினிடையே 'கோ' என்று விளித்ததும் நாணி நிற்கிறான். அவனே வல்வில் ஓரி. மறைத்துக்கொண்டவன் நாணத்தால் பிடிபடும் அந்த ஓர் இடத்தை நடிக்க வல்ல நடிகர் கிடைத்தால் வேறென்ன வேண்டும்!

ஆயினும் ஒற்றர் கதை என்பது சிரிப்போடு முடியும் பொருளன்று. யாரைச் சந்தேகிப்பது என்பதே அதன் உயிர்நாடி. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழார் புறநானூற்று 47ஆம் பாட்டைப் பாடி அவனைக் காத்தார். அயலூரிலிருந்து வந்தான் என்பதன்றி அப்புலவன் செய்த குற்றம் யாது? பக்கனின் புதினத்தின் தொடக்கத்திலேயே, உலகச் சதிக்கெல்லாம் பின்னால் யூதர் இருக்கின்றனர் என்னும் நச்சுப் பேச்சு ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வருகிறது. அதை ஹிட்ச்காக் தம் படத்தில் சேர்க்கவில்லை. பார்லோ இன்னும் ஒருபடி மேலே சென்று, வில்லனாகிய பேராசிரியரையே நாஜி ஆக்கிவிட்டார். இது நல்ல திருத்தம். தாடியும் தொப்பியும் வைத்தாலே திரையில் ஒருவன் உளவாளி ஆகிவிடும் காலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு, இத்திருத்தத்தின் அருமை சொல்லாமலே விளங்கும். அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் சந்தேகத்தையும் உளவு பார்ப்பதையும் ஒரே வசனத்தில் சேர்த்து விலக்கியிருப்பதும் நினைக்கத்தக்கது.

நாடகத்தின் உச்சம் என்று நாம் கருதுவது துரத்தல் காட்சியை அன்று. தப்பியோடும் ஹானே ஓர் அரசியல் கூட்டத்துக்குள் நுழைய, அங்குள்ளோர் அவனையே பேச்சாளன் என்று தவறாக எண்ணி மேடையேற்றுகின்றனர். யாருக்காகப் பேசுகிறோம் என்றறியாமல் உளறத் தொடங்கியவன், படிப்படியாகத் தன் நிலையையே பேசிவிடுகிறான்: அயலான் அயலானுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்யாத, யாரும் வேட்டையாடப்படாத உலகம் வேண்டும் என்று. அவையோர் கைதட்டுகின்றனர். பொய்யாக ஏறிய மேடையில் அவன் வாயிலிருந்து வரும் ஒரே மெய் அது.

குறைகளும் உண்டு. ஸ்காட்லாந்து மக்களைக் கஞ்சரும் முரடருமாகவே காட்டுவது மலிவான சிரிப்பு; மலைவாசிகளைச் சமவெளியார் இங்ஙனம் பார்ப்பதை மலையில் வாழும் நாம் அறிவோம். ஹிட்ச்காக்கின் பிற படங்களின் பெயர்களை வைத்துச் செய்யும் சொல்விளையாட்டு தமிழில் செல்லாது. விலங்கிட்ட இருவரும் விடுதியில் இரவு தங்கும் காட்சியை நம் குடும்பங்கள் முன் ஆடும்போது, அவ்விருவரின் கூச்சத்தையே நகைச்சுவையாக்கினால் போதும். அதற்கு மேல் வேண்டுவதில்லை.

பெருங்குறை வேறு. மரணத்தை இந்நாடகம் மிக இலேசாகத் தாண்டிவிடுகிறது. மெய்யான ஒற்றர் வாழ்க்கை எப்படி முடிந்தது? திருவிதாங்கூரின் வக்கத்தைச் சேர்ந்த அப்துல் காதர், பினாங்கில் பயிற்சி பெற்று, 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் தானூரில் இறங்கினார், பிடிபட்டார், 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26. திப்பு சுல்தானின் வழித்தோன்றலான நூர் இனாயத் கான், பாரிஸில் இரகசிய வானொலி இயக்கி, 1944 செப்டம்பர் 13 அன்று டாக்கௌ முகாமில் நாஜிகளால் கொல்லப்பட்டார். ஒருவர் பிரிட்டனுக்கு எதிராக, மற்றவர் பிரிட்டனுக்காக. காதர் தூக்கிலேறிய மறுமாதம், 1943 அக்டோபர் 11இல் சென்னைமேல் குண்டு விழுந்ததை வைத்தே எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' படம் 1954இல் எடுக்கப்பட்டது. அதில் ஜப்பானுக்கு உதவியவன் துரோகி. காதரையோ நாம் தியாகி என்கிறோம். இந்த முரணைத் தாங்கும் ஒற்றர் நாடகம் ஒன்று தமிழில் இன்னும் எழுதப்படவேண்டும். அதில் நகைச்சுவைக்கும் இடமிருக்கும் என்றே நம்புகிறோம்.

ஏனெனில், இறுதிக் காட்சியில் அதற்கான விதை இருக்கிறது. பகைவர் கடத்த முயன்ற இரகசியம் தாளில் இல்லை. அந்த நினைவாற்றல் மன்னரின் தலைக்குள் இருக்கிறது. அவையிலிருந்து ஹானே உரக்கக் கேட்கிறான்: முப்பத்தொன்பது படிகள் என்றால் என்ன? வினா கேட்கப்பட்டால் விடை சொல்வது அவருடைய தொழில் தருமம். உயிர்போகும் என்றறிந்தும் அவர் வாய் திறக்கிறார், சுடப்படுகிறார். இலண்டன் மேடையில் அடுத்த கணமே வேறு சிரிப்பு வந்துவிடுகிறது. சோளக்காட்டில் இதை ஆடுவோர், அவ்விடத்தில் கோமாளிகளின் தொப்பிகளைக் கழற்றச் செய்து, சற்று நேரம் மேடையை அசையாமல் வைத்திருக்கலாம்.