மாயக் கையும் மாறாத வரைபடமும்

பல்லடம் பக்கம் ஒரு ஓ.இ. நூற்பு மில்லில் கார்டிங் மெஷினுக்கு இடக்கையைப் பறிகொடுத்தவரிடம், சில மாதம் கழித்துப் பேசிக்கொண்டிருந்தேன். சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். "கைதான் இல்லீங்க. ஆனா விரலெல்லாம் மடங்கி உள்ளங்கையில குத்துதுங்க. விரிக்க முடியலீங்க" என்றார். இழந்த பின்னும் இருப்பதாகவே உணரப்படும் இந்த 'மாயக் கை' பற்றி நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் செய்த ஆய்வுகளை மீண்டும் எடுத்து நிறுத்துப் பார்க்க வைத்தது அந்தப் பேச்சு.

சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து, கேம்பிரிட்ஜ் வழியாகக் கலிபோர்னியா சேர்ந்தவர் அவர். 1992இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் முதன்மைக் கருவி பஞ்சு சுற்றிய குச்சிதான். நான்கு வாரம் முன்பு கை அகற்றப்பட்ட 17 வயது இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டுக் கன்னத்தைத் தொட்டார்கள். தொடுகை கன்னத்தில் தெரிந்தது. இல்லாத விரல்களிலும் தெரிந்தது. அவதானிப்பு என்ற அளவில் இதை மிஞ்சுவது கடினம். விலை உயர்ந்த ஸ்கேன் எதுவும் கேட்காத கேள்வியைக் கேட்ட கூர்மை அதில் இருக்கிறது.

விளக்கம்தான் சிக்கல். உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் உள்ள இடத்தைக் குறிக்கும் பென்ஃபீல்டின் உடல் வரைபடத்தில் கைக்கு அடுத்து இருப்பது முகம். கை நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளின் மூளையில், கைப்பகுதி முகத்தின் தொடுகைக்கு இசைவதை 1991இல் பான்ஸ் குழு காட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து, ஆளில்லாத காட்டை அண்டைக் காட்டுக்காரர் வரப்பைத் தள்ளி உழுதுகொண்டார் என்று ராமச்சந்திரன் முடிவுகட்டினார். நான்கு வாரத்தில் புது இணைப்பு முளைப்பது அரிது, ஏற்கெனவே உறங்கிக்கிடந்தவை விழித்திருக்கலாம் என்று அவரே எண்ணியது நேர்மையான எச்சரிக்கை. பாடநூல்களுக்குள் போனபோது அந்த எச்சரிக்கை உதிர்ந்தது. 'மூளை தன்னையே மாற்றி எழுதுகிறது' என்ற முழக்கம் மட்டும் தங்கியது.

முறையியல் குறை வெளிப்படையானது: கை இருந்தபோது அந்த மூளை எப்படி இருந்தது என்பதை யாரும் அளக்கவில்லை. முன்நிலை தெரியாமல் மாற்றத்தை எப்படி நிறுவுவது? 2025இல் ஹண்டர் ஷோன், டமார் மேக்கின் குழு இந்த இடத்தைத்தான் பிடித்தது. அறுவைக்கு முன்பே மூவரை ஸ்கேன் செய்து, பின்னரும் தொடர்ந்தார்கள். இல்லாத விரலை அசைக்க முயன்றபோது பழைய கைவரைபடமே ஒளிர்ந்தது. உதட்டுப் பகுதி எல்லை தாண்டவில்லை. மூவர் என்பது சிறிய எண்தான். ஆனால் ஒரே ஆளின் முன்னையும் பின்னையும் ஒப்பிடும் இந்த வடிவமைப்பு, வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்ட பழைய ஆய்வுகளைவிட வலுவானது. கன்னம் தொட்டால் விரல் சிலிர்ப்பது ஏன் என்பதற்கு இது விடை சொல்லவில்லை; அந்த நிகழ்வு விளக்கத்துக்கு இன்னும் காத்திருக்கிறது.

மாயக் கை வலிக்கு ராமச்சந்திரன் தந்த கண்ணாடிப் பெட்டி வேறு கணக்கு. பெட்டியின் நடுவே நிமிர்த்திய முகம்பார்க்கும் கண்ணாடி. நல்ல கை ஒருபுறம். அதன் பிம்பம் இழந்த கையின் இடத்தில். விரலை விரித்தால் மாயக் கையும் விரிகிறது. 2007இல் கால் இழந்த படைவீரர்களிடம் நான்கு வாரம் நடந்த சோதனையில், கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி, மனக்காட்சி என்று ஒப்பீட்டுக் குழுக்கள் வைத்த நேர்த்தி பாராட்டத் தக்கது; முடித்தவர் மொத்தம் 18 பேர் என்பது பெருங்குறை. பின்வந்த ஆய்வுகளின் முடிவும் சீராக இல்லை. ஆனாலும் மலிவானது, தீங்கு குறைந்தது. தச்சரிடம் சொன்னால் அரைநாளில் செய்து தந்துவிடுவார். முயன்று பார்க்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

நாமே ஒன்றைச் செய்தாலும் பிறர் அதைச் செய்வதைப் பார்த்தாலும் இயங்கும் மிர்ரர் நியூரான்கள் பற்றி ராமச்சந்திரன் சொன்னவற்றை நீட்ட வேண்டியதில்லை. உயிரியலுக்கு டி.என்.ஏ. போல உளவியலுக்கு அவை அமையும் என்று 2000இல் அவர் முன்னுரைத்தார், அது பலிக்கவில்லை. ஆட்டிசத்துக்கு அவற்றின் பழுதே காரணம் என்ற கருதுகோளும் மறுஆய்வுகளில் தேறவில்லை. இந்தக் கருத்துகளுக்கு ஆய்வாளர் கிரிகரி ஹிக்கொக் எழுதிய மறுப்புகளுக்கு நிறைவான பதில் நான் இன்னும் படிக்கவில்லை.

ஆகவே நோக்குபவர் ராமச்சந்திரனுக்கு முதல் தரம், கோட்பாட்டாளர் ராமச்சந்திரனுக்கு இரண்டாம் தரம் என்பது என் தீர்ப்பு. கைவரைபடம் அப்படியே இருக்கிறது என்றால், வலியின் ஊற்று எங்கே? ஆய்வாளர் பார்வை இப்போது வெட்டுண்ட நரம்பின் நுனிக்குத் திரும்புகிறது. அறுவையின்போதே அந்த நுனியைப் புதிய தசையோடு இணைத்துவிடும் முறைகள் தீவிரமாகச் சோதிக்கப்படுகின்றன. மில்காரர் பேச்சினிடையே அடிக்கடி தடவிக்கொண்டிருந்ததும் முழங்கைக்கு மேலே இருந்த அந்த நுனியைத்தான்.