மலைநாட்டுப் பாடல்களும் புலமைச் சொத்துரிமையும்

ஆக்கியோன் பெயர் அறியப்படாத பாடலுக்கு உரியவர் யாவர்? நாட்டார் இலக்கியத்தை ஆராய்வோர் பாடலின் பொருளையும் சந்தத்தையும் நோக்குவர்; உரிமை பற்றிய வினாவைச் சட்ட அறிஞர்க்கு விட்டுவிடுவர். ஆயின், நுவரெலியா, அட்டன் முதலிய பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் பாடல்களைப் பொறுத்தவரையில், பாடலின் வரலாற்றையும் உரிமையின் வரலாற்றையும் பிரித்து நோக்குதல் இயலாது.

கோப்பிக் காலந்தொட்டுத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் கூத்தையும் உடன் கொணர்ந்தனர். மலையேறிய பின்னர் அப்பாடல்களிற் கங்காணியும் துரையும் புகுந்தனர். பிரட்டுக் களமும் லயமும் கொழுந்துக் கூடையும் புகுந்தன. மாசி மாதத்துக் காமன் கூத்தும் இம்மண்ணில் வேரூன்றியது. ஒருத்தி தொடங்கிய அடியை மற்றொருத்தி மாற்றிப் பாட, அது மலைக்கு மலை வேறுபட்டு வளர்ந்தது. தோட்டத்துக் கணக்கேடுகள் கூறாத துயரை இப்பாடல்கள் கூறின. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை இவற்றைத் தேடித் தொகுத்தமை தமிழ் உலகம் நன்கறிந்ததே.

பதிப்புரிமைச் சட்டமோ வேறொரு சூழலிற் பிறந்தது. 1886 ஆம் ஆண்டின் பேர்ண் ஒப்பந்தம் முதலாக அது பெயர் தெரிந்த ஆசிரியரையும் எல்லை வகுத்த காலத்தையும் அடிப்படையாகக் கொண்டது. நாட்டார் பாடலுக்கு இவ்விரண்டும் இல. எனவே, ஒருவர் அப்பாடலுக்குப் புதிய இசையமைத்து ஒலிப்பதிவு செய்வாராயின், அவர் அமைப்புக்கும் பதிவுக்கும் பல நாடுகளிற் பாதுகாப்புண்டு. தலைமுறை தலைமுறையாகப் பாடலைக் காத்தவர்க்கு அவ்வாறில்லை. 1995 முதல் நடைமுறையிலுள்ள உலக வர்த்தக நிறுவனத்தின் புலமைச் சொத்துரிமை உடன்படிக்கை முன்னதை உறுப்பு நாடுகள்மீது கடமையாக்கிற்று. பின்னதைப்பற்றி வாய் திறந்திலது. வளர்முக நாடுகள் பிறர் சொத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றன. தம் சொத்துக்கு அவ்வாறான காப்பினைப் பெற்றில.

இக்குறையை நீக்க அந்நாடுகள் முயலாமல் இல்லை. 1967 இல் ஸ்டொக்ஹோமிற் பேர்ண் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது, ஆசிரியர் அறியப்படாத, வெளியிடப்படாத படைப்புக்காக அரசு நியமிக்கும் அதிகாரி பேசலாம் என விதி செய்யப்பட்டது. 1976 ஆம் ஆண்டின் தூனிஸ் மாதிரிச் சட்டம் நாட்டார் படைப்புக்களைப் பெயர் சுட்டியே காத்தது. ஆயின், ஸ்டொக்ஹோம் விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அறியப்படாத அவ்வாசிரியர் உறுப்பு நாடொன்றின் குடிமகன் எனக் கருத இடமிருத்தல் வேண்டும்.

இந்நிபந்தனையை மலைநாட்டில் வைத்து நோக்குக. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949 இல் வாக்குரிமையும் இழந்தனர். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை வகுத்து இரு நாடுகளுக்கும் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்தற்கு. பாடியவர் எந்நாட்டவர் என்பதே தீராதிருந்த வேளையிற் பாடலாசிரியனை எந்நாட்டுக் குடிமகன் எனக் கருதுவது?

2003 ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் அவ்வாண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். நாட்டார் வெளிப்பாடுகளைக் காக்கும் பிரிவைக் கொண்ட புலமைச் சொத்துச் சட்டம் 36 ஆம் இலக்கச் சட்டம். பாடினோர் குடிகளாயதும் பாடல் காக்கப்பட்டதும் அடுத்தடுத்த இலக்கங்களில் நிகழ்ந்தன. பின்னைய சட்டம் சமூகத்தின் மரபுவழிப் படைப்பு என்பதையே அளவுகோலாக்கிற்று; வெளியிடுவோர் எச்சமூகத்தினின்று, எவ்விடத்தினின்று பெற்றனர் என்பதைக் குறிக்கவும் பணித்தது. இவை போற்றத்தக்கன.

எனினும், குறை முற்றும் நீங்கிற்றென்று கொள்ளலாகாது. வணிகப் பயன்பாட்டுக்கு இசைவளிக்கும் உரிமை பாடிய சமூகத்திடமன்று, அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரியிடமே உள்ளது. பெறப்படும் கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்கு என்று பொதுவாகவே கூறப்படுகிறது. கொழுந்து பறித்துப் பாடியவர்க்குச் சேரும் என்னும் உறுதியில்லை. ஆசிரியனுக்குரிய இடத்தில் அரசை வைப்பது, அரசும் மக்களும் ஒன்றென்னும் நம்பிக்கையின்மேல் நிற்பது. அந்நம்பிக்கை அரை நூற்றாண்டு பொய்த்த இடம் மலைநாடு. மேலும், அச்சட்டம் கடல் கடந்து செல்லாது; பாடலோ, ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவரோடு நீலகிரிக்கும் சென்றுவிட்டது. 2024 இல் உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தில் நிறைவேறிய உடன்படிக்கை மரபணு வளங்களையும் அவை சார்ந்த மரபறிவையும் தழுவியதேயன்றிப் பாடலையும் கூத்தையும் தழுவியதன்று.

பாடல் பொதுச்சொத்து, அதற்கு வேலியிடின் வளர்ச்சி குன்றும் என்பாருமுளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. அன்றியும் வேண்டப்படுவது பாடுவோர்க்கு வேலியன்று. பாடலை விற்போர் பாடியவரைக் கேட்டல் வேண்டும் என்னும் நெறியே. இசைவு வழங்குமிடத்தில் தோட்ட மக்களின் பிரதிநிதிகளும் அமர்தல் வேண்டும். கட்டணத்தின் பங்கு அவர்தம் கலைக்கே செல்லுதல் வேண்டும். சட்டம் அவ்வாறு திருந்தும்வரை, தொகுப்போர் செய்யத்தக்கது ஒன்றுண்டு: பாடலோடு தோட்டத்தின் பெயரையும், இசைவு பெற்றுப் பாடியவர் பெயரையும் எழுதுதல். நெடுங்காலம் தொகையாகவே எண்ணப்பட்ட மக்களைப் பெயரால் அறிதலே அவர் உரிமையை அறிதற்கு முதற்படியாகும்.