நூலில் தூண்கள், தெருவில் வீடுகள்: கட்டடக்கலைக் கையேடுகளும் டச்சு இல்லங்களும்

1537இல் வெனிஸில் வெளியான, இத்தாலியக் கட்டடக்கலைஞர் செபாஸ்தியானோ செர்லியோவின் நூல், இரண்டே ஆண்டுகளில் பீட்டர் கூக் வான் ஆல்ஸ்ட் என்ற ஓவியரின் முயற்சியால் ஆண்ட்வெர்ப்பில் டச்சு மொழியில் அச்சேறியது. டோரிக், அயோனிக், கொரிந்தியன் முதலான ஐவகைத் தூண் முறைகளை, அதாவது தூணின் அடி, உடல், தலை, அதன்மேல் அமரும் விட்டம் ஆகியவற்றின் வடிவையும் விகிதத்தையும், லத்தீனோ இத்தாலியமோ அறியாத கல்தச்சரும் மரத்தச்சரும் படத்தோடு கற்க அது வழிவகுத்தது. ஆனால் இத்தகைய கையேடுகள் டச்சு வீட்டை உருவாக்கின என்று சொல்வது மிகை. முகப்பைத்தான் அவை மாற்றின, முகப்புக்குப் பின்னால் இருந்த வீட்டை மண்ணும் மனையும் தீர்மானித்தன.

ஆம்ஸ்டர்டாமின் இளகிய சதுப்பு மண்ணில் மரக்கழிகளை ஆழமாக அடித்து, அவற்றின்மேல்தான் சுவர் எழுப்ப முடிந்தது. பெருங்கால்வாய்களின் கரையில்கூட ஒரு மனையின் அகலம் ஏறக்குறைய 30 ஆம்ஸ்டர்டாம் அடி, அதாவது எட்டரை மீட்டர் அளவே இருந்தது. இருபுறமும் அண்டை வீடுகள் நெருக்கியதால் முன்னும் பின்னும் மட்டுமே வெளிச்சம் நுழைந்தது. விரிந்த முற்றத்தையும் தூண் வரிசையையும் வேண்டிய இத்தாலிய மாளிகை இந்த இடுக்கில் அமராது. லீவார்டன் ஊரில் பிறந்த ஹான்ஸ் வ்ரேடெமன் டெ வ்ரீஸ், 1577இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்ட தம் நூலில் இதை நேராக எதிர்கொண்டார்: பழைய தூண் முறைகளை ஒதுக்காமல், இடநெருக்கடி மிக்க வணிக நகரத்துக்கு ஏற்ப, உயர்ந்து குறுகிய, சன்னல்கள் நிறைந்த முகப்புகளில் அவற்றைப் பொருத்திக் காட்டினார். தம் நாட்டு நகரங்களின் தேவையை நூலுக்குள் கொண்டுவந்த இந்தத் துணிவு, வட ஐரோப்பியக் கட்டடக்கலையில் அவருக்கு உரிய இடத்தைப் பெற்றுத் தருகிறது.

பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக்கலைஞர் வின்சென்சோ ஸ்கமோட்சியின் 1615ஆம் ஆண்டு நூல் ஹாலந்தில் பெரும் செல்வாக்குப் பெற்றது. தூண்களின் உறுப்புகளுக்கு அது தெளிவான அளவுகளை வகுத்திருந்தது. கட்டடக்கலைஞர் யாகோப் வான் காம்பென் 1625இல் ஆம்ஸ்டர்டாமின் கெய்சர்ஸ்கிராக்ட் கால்வாய்க் கரையில் கோய்மன்ஸ் சகோதரர்களுக்காகக் கட்டிய இரட்டை வீட்டில், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள் இரண்டு வரிசைகளாக ஒன்றன்மேல் ஒன்று எழுந்தன. அத்தகைய அகலமான முகப்பு எல்லோருக்கும் எட்டக்கூடியதன்று. ஒற்றை மனையில் வீடு கட்டியவருக்கு விடை தந்தவர் கட்டடக்கலைஞர் பிலிப்ஸ் விங்போன்ஸ்.

செங்குத்தான கூரையின் முன்முனையை மறைக்கும் உச்சிச்சுவரைப் படிப்படியாகக் குறுகும் செங்கல் அடுக்காகக் கட்டுவதே ஹாலந்தின் பழைய வழக்கம். 1638இல் ஹெரன்கிராக்ட் கால்வாய்க் கரையில் கட்டப்பட்ட 168ஆம் எண் வீட்டில் விங்போன்ஸ் அந்தப் படிகளை நீக்கினார். நடுவில் ஒடுங்கிய ஒரு கழுத்துப்பகுதியை உயர்த்தி, அதன் தலையில் முக்கோண மகுடம் சூட்டி, இருபுறத் தோள்களையும் செதுக்கிய கல்லால் நிரப்பினார். கூரை பழையபடியே இருந்தது, பண்டம் தூக்கும் உத்தரமும் உச்சியில் நிலைத்தது. தூண் முறையின் ஒழுங்கு மட்டும் குறுகிய சுவருக்குள் இறங்கியது. 1648இலும் 1674இலும் தம் கட்டடங்களை அச்சிட்ட அவர், முகப்புப் படங்களோடு தளவரைபடங்களையும் சேர்த்தார். முன்வீடு, பின்வீடு, அவற்றுக்கு இடையே வெளிச்சத்துக்கான சிறு முற்றம் என்று விரியும் அந்த வரைபடங்களில் தெரிவது இத்தாலியைவிட ஆம்ஸ்டர்டாம் தச்சரின் நெடுங்கால அனுபவமே.

பெரும் ஏடுகளைச் செல்வந்தரும் அறிஞரும் வாங்கினர். பட்டறைக்குத் தேவைப்பட்டது வேறு வகை நூல். ஆம்ஸ்டர்டாம் நகர மன்றக் கட்டடத்தில் பணிபுரிந்த கல்தச்சரான சிமோன் போஸ்போம், ஸ்கமோட்சியின் ஐந்து தூண்களை மட்டும் சுருக்கி 1657இல் ஒரு சிறு நூலாக்கினார். தத்துவ விளக்கம் எதையும் தேடாமல், வாசல்நிலைக்கோ அரைத்தூணுக்கோ வேண்டிய அளவைப் பார்த்து வெட்டக்கூடிய அந்தச் சுருக்கம் பலமுறை மறுபதிப்புக் கண்டது. வான் காம்பெனின் பெயரையே கேட்டிராத தச்சரும் ஸ்கமோட்சியின் விகிதத்தில் வாசல்நிலை செதுக்க அது கைகொடுத்தது.