பருவமும் பக்குவமும்: கோல்ட்ஸ்மித்தின் டோனி லம்ப்கின்

ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் 'ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்' என்னும் நகைச்சுவை நாடகம் 1773 மார்ச் 15 அன்று இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. அதில் வரும் டோனி லம்ப்கினை வெறும் கோமாளியாகவே கொள்வோர் உண்டு. மாற்றாந்தந்தை ஹார்ட்காஸிலின் பொய்முடியை நாற்காலியோடு பிணைத்துவைக்கிறான். வீட்டுக்கு வரும் விருந்தினரிடம் அவ்வீட்டையே பயணியர் விடுதி என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். சிரிப்புக்குரியவைதாம். ஆயினும் இக்குறும்புகளில் அவனது முதிர்ச்சியின்மை வெளிப்படவில்லை என்பேன். வீட்டை விடுதியென நம்பவைப்பதற்குக் கூர்த்த மதியே வேண்டும்.

அது வெளிப்படும் இடம் நான்காம் அங்கத்துக் கடிதக் காட்சி. தன் பாதுகாப்பிலுள்ள உறவுப்பெண் கான்ஸ்டன்ஸை அவளது செல்வத்தோடு மகனுக்கு மணமுடிக்கத் தாய் விரும்புகிறாள். இருவருக்கும் அதில் விருப்பமில்லை. அவள் தன் காதலன் ஹேஸ்டிங்ஸுடன் வெளியேற டோனியே உதவ முன்வருகிறான். தாயின் பேழையிலிருந்து அவளுடைய நகைகளையும் எடுத்துத் தருகிறான். குதிரைகளை விரைந்து அனுப்புமாறு ஹேஸ்டிங்ஸ் கடிதம் விடுக்கிறான். மேலே எழுதியிருக்கும் தன் பெயரை டோனி வாசித்துவிடுகிறான். உள்ளிருக்கும் கையெழுத்துதான் பிடிபடவில்லை. தாய் அருகில் நிற்பதால் கான்ஸ்டன்ஸ் அதனை வாங்கி, சேவற்சண்டைச் செய்தி என்று இட்டுக்கட்டி வாசிக்கிறாள். சேவற்சண்டை என்றால் அவனுக்கு உயிர்! மிச்சத்தையும் கேட்டாக வேண்டுமென்று கடிதத்தைத் தாயிடமே நீட்டிவிடுகிறான்.

அவனிடம் வஞ்சகம் இல்லை. எழுத்தறிவுக் குறைவுகூட இங்கே பெரிதன்று. பிறர் தன்னை நம்பி ஒப்படைத்த அமானிதம், ஆசை குறுக்கிட்ட கணத்தில் நினைவிலிருந்து நழுவுகிறதே, அதுதான் சிறுபிள்ளைத்தனம். இதனை எந்தப் பாத்திரமும் எடுத்துரைப்பதில்லை. நீட்டிய கையே சொல்லிவிடுகிறது.

இவனை இப்படி வைத்திருந்தது யார்? ஆண்டுக்கு 1,500 பவுன் வருவாயுள்ளவனுக்குக் கல்வி எதற்கு என்று கேட்பவள் அவனுடைய தாய். நோயில்லாத மகனுக்கு மருந்து புகட்டி வளர்த்தவளும் அவளே. அவன் சட்டப்படி பருவமெய்தியபின் மறுத்துவிட்டால் கான்ஸ்டன்ஸின் செல்வம் அவள் கைக்கே போய்விடும். ஆகவே அவன் வயதையே மறைத்துவிடுகிறாள். அவன் திருந்தட்டும் என்றெண்ணி ஹார்ட்காஸிலும் அதற்கு உடன்படுகிறார்.

நம் ஃபிக்ஹு நூல்கள் பருவமெய்துதலை 'புலூஃக்' என்றும், பொருளை ஆளும் பக்குவத்தை 'ருஷ்து' என்றும் பிரித்துப் பேசும். ருஷ்து தென்படாதவனிடம் சொத்தை ஒப்படைக்கத் தயங்கும் இமாம்களிடையே, 25 வயதுக்குமேல் அதனைத் தடுத்துவைக்கலாகாது என்றார் இமாம் அபூ ஹனீஃபா. பாதுகாப்பு ஓர் எல்லையில் முடிந்தாக வேண்டும் என்னும் அக்கருத்தை இந்நாடகத்தின் அருகில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஹார்ட்காஸில் இல்லத்தில் எல்லையே ஒளித்துவைக்கப்பட்டிருந்தது.

ஐந்தாம் அங்கத்தில் உண்மை உடைகிறது. அவன் பருவமெய்தி மூன்று மாதங்கள் ஆகிவிட்டன என்று ஹார்ட்காஸில் அறிவித்த மறுகணமே, டோனி தன் முழுப்பெயரையும் பட்டத்தையும் கூறி, பத்திரம் எழுதுவோர் நடையில் கான்ஸ்டன்ஸை மறுத்துவிடுகிறான். ருஷ்து வந்துவிட்டதா? கோல்ட்ஸ்மித் அப்படிச் சொல்லவில்லை. மறுநாளும் அவன் மதுக்கடைக்கே போவான் என்றுதான் நினைக்கிறேன். ஆயினும் கான்ஸ்டன்ஸின் செல்வம் அவளுக்கு மீள்கிறது. சற்றுமுன் கடிதத்தை நீட்டி அவளைக் காட்டிக்கொடுத்தவனும் அவன்தான்.