சிறுவாடும் சொத்துப் பட்டியலும்

தன் சொத்து மதிப்பை ஊரறியச் சொல்வது நேர்மை என்கிறார்கள். யார், யாரிடம் சொல்வது என்று நான் கேட்பேன். 2002இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் தொடர்ச்சியாகவே தேர்தல் வேட்பாளர்கள் பிரமாணப் பத்திரத்தில் சொத்துக் கணக்கைத் தருகிறார்கள். அதிகாரம் கேட்டு வருபவரிடம் மக்கள் கேட்கும் கணக்கு அது, நியாயமானது.

சிறுவாட்டின் கதை வேறு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் பெண்கள் சேர்த்த அந்தப் பணத்துக்கு மறைவுதான் காவல். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டதும், பல பெண்கள் அதைக் கணவர் முன் எடுத்துவைக்க நேர்ந்தது. இரண்டரை லட்சம் வரை வங்கியில் செலுத்தும் இல்லத்தரசிகளை வருமான வரித் துறை விசாரிக்காது என்றது அரசு. வீட்டுக்குள் நடந்த விசாரணைக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை.

ஆகவே வெளிப்படைத்தன்மை எல்லோருக்கும் ஒரே அறமல்ல. வேட்பாளர் மறைத்தால் குற்றம். கேட்டுப் பெறும் உரிமையில்லாதவள் மறைப்பது தற்காப்பு. மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பெயரில் என்ன இருக்கிறதென்று முதலில் நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். ஊதியத்தை உடன் வேலைசெய்யும் பெண்களோடு பேசுங்கள். குறைத்துக் கொடுப்பது அப்போதுதான் தெரியவரும். ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை, சொன்ன பிறகு அந்தப் பணம் யார் கையில் இருக்கும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.